செவலைக்கு நோய் இருக்கலாம்

நாய் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தண்ணீர் குடிப்பதை யாரும் உடனே நோயின் கணக்கில் சேர்ப்பதில்லை. வெயில் என்று சொல்லலாம், வயது என்று சொல்லலாம்; இரண்டுமே பொருத்தமாகத்தான் இருக்கும். எங்கள் செவலைக்கு 11 வயது முடிந்துவிட்டது. தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாவது, இரவில் கதவருகே வந்து நின்று முனகுவது, சாப்பாட்டு நேரத்துக்கு வெகு முன்பே தட்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வது, சும்மா படுத்திருக்கும்போதே மூச்சிரைப்பது என எல்லாவற்றையும் தனித்தனியாகப் பார்த்தால் முதுமையின் இயல்புகளாகவே தோன்றும். எங்களை யோசிக்க வைத்தது வேறொன்று. முன்பு ஒருமுறை குளுக்கோஸ் ஏற்றுவதற்காக அவளுடைய முன்னங்காலில் முடியை மழித்திருந்தார்கள். மூன்று விரல் அகலம்கூட இராத அந்த இடம் மாதங்கள் கடந்தும் வழுக்கையாகவே இருந்தது. சுற்றிலும் செம்பழுப்பு முடி, நடுவில் ஏறக்குறையச் செவ்வக வடிவில் வெறும் தோல். அதை விரலால் பிடித்துத் தூக்கினால் மெல்லிய தாள்போல மடிந்தது. அடியில் ஓடும் ரத்தக்குழாய் நீலமாகத் தெரிந்தது.

பற்களைச் சுத்தம் செய்ய மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பு வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில், அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதியின் அளவு மிகவும் உயர்ந்திருந்தது. கொழுப்பும் கூடுதல். மருத்துவர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டுச் செவலையின் வயிற்றைத் தடவிப் பார்த்தார், முதுகெலும்பின் இருபுறமும் தசையை அழுத்திப் பார்த்தார், நான் காட்டிய வழுக்கையையும் சற்று நேரம் பார்த்தார். பிறகு, “குஷிங் இருக்கலாம். ஆனா இத மட்டும் வச்சு சொல்லிட முடியாது” என்றார். பல் சுத்தம் செய்வது தள்ளிப்போயிற்று.

சிறுநீரகங்களுக்கு முன்னால் ஒட்டினாற்போல் இருக்கும் இரண்டு சிறிய அட்ரினல் சுரப்பிகள், கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. எவ்வளவு சுரக்க வேண்டும் என்ற கட்டளை மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. கார்டிசால் இல்லாமல் உடல் பிழைக்காது. ஆனால் அது ஓயாமல் மிகுதியாகச் சுரந்துகொண்டே இருந்தால் தசையும் தோலும் கரைகின்றன, கல்லீரல் வீங்குகிறது, கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் குன்றுகிறது. இதுதான் குஷிங் நோய். மனிதர்களிடம் இந்த நோய்க்கும் பிட்யூட்டரி கட்டிக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1932இல் விரிவாக எழுதினார். அவர் பெயரே நிலைத்துவிட்டது. மனிதர்களிடம் அரிதான இந்த நோய், நடுவயதைக் கடந்த நாய்களிடம் அப்படியொன்றும் அரிதில்லை. பாதிக்கப்பட்ட நாய்களில் ஏறத்தாழ 80 முதல் 85 விழுக்காட்டினருக்குக் காரணம் பிட்யூட்டரியில் உள்ள சிறு கட்டி. மற்றவற்றுக்கு ஒரு பக்க அட்ரினலில் உள்ள கட்டி. அட்ரினல் கட்டிகளில் ஏறக்குறையப் பாதி புற்றுநோய்த் தன்மை கொண்டவை என்பதால், எந்த வகை என்று அறிவது வெறும் ஆர்வத்துக்கான கேள்வியாக இருப்பதில்லை.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. கார்டிசால்போலவே செயல்படும் ஸ்டீராய்டு மருந்துகளை நெடுநாள் கொடுத்தாலும் இதே தோற்றம் வரும். மருத்துவர் முதலில் கேட்டதே அதைத்தான்: வேறு எங்காவது மாத்திரை வாங்கினீர்களா, ஊசி போட்டீர்களா, காதுக்குச் சொட்டு மருந்து, தோலுக்குக் களிம்பு ஏதாவது உண்டா? காதில் விடும் மருந்திலும் தோலில் தடவும் களிம்பிலும் ஸ்டீராய்டு இருக்கும் என்பதும், வீட்டில் மனிதர்கள் தடவிக்கொண்ட களிம்பை நாய் நக்கினாலும் அதன் உடலில் சேரும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. வீட்டிலிருந்த மருந்துக் குப்பிகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அடுத்த முறை கொண்டுபோனோம். பெயர்களைச் சொல்வதைவிட அது எளிது, தவறும் நேராது.

இந்த நோயைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உறுதிசெய்யப்பட்ட பிறகான காலத்தை எழுதுகிறார்கள்: எந்த மருந்து, எவ்வளவு, எப்போது. ஆனால் அதற்கு முந்தைய காலம்தான் நீளமானது. அதில்தான் வீட்டார் தாங்களாகவே பயப்படவோ அசட்டையாக இருக்கவோ செய்கிறார்கள். குஷிங் நோய்க்கு, ஒரே நாளில் ஆம் அல்லது இல்லை என்று தீர்த்துச் சொல்லும் பரிசோதனை கிடையாது. கார்டிசால் என்பதே உடல் நெருக்கடிக்கு உள்ளாகும்போது கூடும் ஹார்மோன். வேறு நோய் இருந்தாலும் கூடும், மருத்துவமனைக்குப் போகும் பயணத்தின் பதற்றத்திலும் கூடும். எனவே ஒருமுறை ரத்தம் எடுத்து அதில் கார்டிசால் அளவை மட்டும் பார்ப்பதால் பயனில்லை. அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவ வல்லுநர் கல்லூரி 2012இல் வகுத்த வழிகாட்டுதலும் இந்த அடிப்படையில்தான் அமைந்தது: நோயின் வெளிப்படையான அறிகுறிகள் உள்ள நாய்க்கே ஹார்மோன் பரிசோதனை செய்ய வேண்டும், அறிகுறி ஏதும் இல்லாத நாய்க்கு ரத்தத்தில் ஏதோ ஓர் எண் கூடியிருக்கிறது என்பதற்காகச் செய்யக்கூடாது. எங்களை அலற வைத்த அல்கலைன் பாஸ்படேஸ்கூட அப்படித்தான். ஸ்டீராய்டின் தூண்டுதலால் கூடும் அந்த நொதியின் ஒரு வகை நாய்களுக்கே உரியது. அது உயர்ந்திருப்பதால் கல்லீரல் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. குஷிங் இருக்கிறது என்றும் பொருளில்லை.

ஆகவே நோயறிதலின் பாதி வேலை வீட்டில்தான் நடக்கிறது. மருத்துவர் கேட்டது ஒரு கணக்கு: ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர்? நலமாக உள்ள நாய், கிலோ எடைக்கு ஏறத்தாழ 40 முதல் 60 மில்லி வரை குடிக்கும். கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால் அது நோயின் தாகம் என்று கொள்கிறார்கள். செவலையின் எடை 16 கிலோ. அதாவது ஒரு லிட்டருக்குள் நிற்க வேண்டியது. 1,600 மில்லியைத் தாண்டினால் கவலைக்குரியது. காலையில் அளவுக் குவளையால் ஊற்றி, மறுநாள் காலையில் மீதியை அளந்து, குறித்து வைக்க வேண்டும். கேட்பதற்கு எளிது. வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் இருக்கும், குளியலறை வாளியில் நாய் வாய் வைக்கும், உணவில் கலந்த தண்ணீரும் கணக்கில் சேர வேண்டும். மற்ற பாத்திரங்களை எல்லாம் மூடிவிட்டு ஒரே கிண்ணம் என்று வைத்தபின்தான் எண்கள் நிலைப்பட்டன. அவை 1,600ஐ ஒட்டியே வந்தன.

அப்போது அப்பா நியாயமான ஒரு கேள்வியைக் கேட்டார். இரவில் அவளை வெளியே கூட்டிக்கொண்டு போவது அவர்தான். “ராத்திரி ஒம்பது மணிக்கு மேல கிண்ணத்த எடுத்து வச்சிட்டா என்னம்மா?” கூடவே கூடாது என்றார் மருத்துவர். செவலை அதிகம் குடிப்பதால் அதிகம் சிறுநீர் கழிக்கவில்லை; அதிகம் கழிப்பதால் குடிக்கிறாள். சிறுநீரகம் நீரை உடலுக்குள் திருப்பி எடுத்துக்கொள்ள ஒரு ஹார்மோன் கட்டளையிடுகிறது. மிகுதியான கார்டிசால் அந்தக் கட்டளையைக் குலைக்கிறது. சிறுநீரக நோயிலும் நீரிழிவிலும்கூட, வேறு காரணங்களால், இதுதான் நிலை. கிண்ணத்தை எடுத்துவிட்டால் சிறுநீர் குறையாது, உடல் வறண்டு போகும். அப்பா அதற்குப் பிறகு கிண்ணத்தை எடுப்பதைப் பற்றிப் பேசவில்லை. படுக்கும் அறையை வாசலுக்கு அருகில் மாற்றிக்கொண்டார்.

தாகத்துக்கான மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டியிருந்தது. சிறுநீரில் சர்க்கரை இல்லை. நன்றாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை. எனவே நீரிழிவு இல்லை. சிறுநீரகம் பழுதானால் பசி மங்கும். இவளுக்கோ பசி பெருகியிருந்தது. கருப்பையை முன்பே அகற்றிவிட்டதால், வயதான பெண் நாய்களுக்கு வந்து உயிரைப் பறிக்கும் கருப்பைச் சீழ்நோயும் இல்லை. தைராய்டு மட்டும் குழப்பியது. டி4 என்ற தைராய்டு ஹார்மோனின் அளவு குறைவாக இருந்தது. முடி உதிர்ந்திருக்கிறது, சோம்பல் கூடியிருக்கிறது, தைராய்டு குறைவு, மாத்திரை தொடங்கிவிடலாம் என்று முடிப்பது எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! ஆனால் தைராய்டு குறைபாட்டில் இப்படித் தாகம் வருவதில்லை. மேலும், உடலில் வேறு நோய் இருக்கும்போது தைராய்டு சுரப்பி நன்றாக இருந்தும் டி4 தாழ்ந்து தெரியும். கார்டிசால் மிகுதியே அதைத் தாழ்த்தும். தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச் ஹார்மோன் உயரவில்லை என்பதைப் பார்த்த மருத்துவர் மாத்திரை எழுதவில்லை. மருத்துவரிடம் போய் மருந்து இல்லாமல் திரும்புவது நம்மில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. எனக்கோ அன்றுதான் அவர் மேல் முழு நம்பிக்கை வந்தது.

அடுத்தது சிறுநீர். அதில் கார்டிசாலுக்கும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பது ஒரு வடிகட்டல் பரிசோதனை: விகிதம் இயல்பாக இருந்தால் குஷிங் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, கூடியிருந்தால் ஒன்றும் உறுதியாவதில்லை. பதற்றம் கலக்காதிருக்க, மருத்துவமனைக்குப் போய்வந்து ஓரிரு நாள் ஆன பிறகு, வீட்டிலேயே, காலையின் முதல் சிறுநீரைப் பிடிக்க வேண்டும். பெண் நாய் தரையோடு தரையாக உட்காரும். கிண்ணம் எதுவும் நுழையாது. நீண்ட கைப்பிடி கொண்ட தட்டையான கரண்டியைப் பின்னாலிருந்து மெல்ல நீட்டினால், செவலை பாதியில் நிறுத்தி, எழுந்து, திரும்பி, கரண்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். இத்தனை ஆண்டுகள் என்னிடம் எதிர்பார்த்திராத ஓர் இழிசெயலைக் கண்டவளின் பார்வை அது. பிறகு தங்கை முன்னால் நின்று பேச்சுக் கொடுக்க, நான் பின்னால் கரண்டியோடு நிற்க, ஒருவழியாகச் சோதனைக்குப் போதுமான அளவு கிடைத்தது.

விகிதம் கூடியே இருந்தது. ஆனால் அதே சிறுநீரில் கிருமித் தொற்றும் இருப்பது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில் தெரிந்தது. கார்டிசால் மிகுதியால் எதிர்ப்பாற்றல் குறைந்த நாய்க்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும், வலியோ எரிச்சலோ வெளியில் தெரியாமலும் இருக்கும். அதே சமயம் தொற்றும் அடிக்கடி சிறுநீர் கழிக்க வைக்கும், உடலை நெருக்கடிக்கு உள்ளாக்கிக் கார்டிசாலையும் கூட்டும். எது காரணம், எது விளைவு? மருத்துவர் அடுத்த ஹார்மோன் பரிசோதனையைத் தள்ளிவைத்தார். தொற்றை முதலில் ஆற்றுவோம், பிறகு அளப்போம் என்றார். நோய் இருக்கிறதா என்று தெரியாமல் வாரங்கள் போகின்றனவே என்று எனக்குப் பதைப்பு. ஆனால் குஷிங் மெல்ல நகரும் நோய். சில வாரத் தாமதத்தால் பெரும்பாலும் கெடுவது எதுவுமில்லை. தவறான நேரத்தில் செய்த பரிசோதனை தரும் பொய்யான உறுதியால் கெடுவது அதிகம்.

தொற்று ஆறியபின் தாகம் கொஞ்சம் குறைந்தது, முழுதாகத் தணியவில்லை. பிறகே குறைந்த அளவு டெக்ஸாமெத்தசோன் பரிசோதனை நடந்தது. காலையில் ரத்தம் எடுத்து, கிலோ எடைக்கு 0.01 மில்லிகிராம் என்ற சிறு அளவில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை ரத்தக்குழாயில் செலுத்தி, 4 மணி நேரத்திலும் 8 மணி நேரத்திலும் மீண்டும் ரத்தம் எடுக்கிறார்கள். நலமான நாயின் பிட்யூட்டரி, உடலில் ஸ்டீராய்டு போதுமான அளவு இருக்கிறது என்று உணர்ந்து கட்டளையை நிறுத்திவிடும். 8 மணி நேரம் கழித்தும் கார்டிசால் தாழ்ந்தே இருக்கும். குஷிங் உள்ள நாயிடம் தாழாது, அல்லது தாழ்ந்துவிட்டு மறுபடி எழும். அன்று முழுவதும் நாய் அமைதியாக இருப்பது அவசியம் என்பதால், கூண்டில் விடாமல் உடன் இருக்க அனுமதி கேட்டு வாங்கினேன். கிடைத்த முடிவு எல்லைக்கோட்டின் மேல் அமர்ந்திருந்தது. ஸ்கேனில் இரு பக்க அட்ரினல்களும் சற்றுப் பருத்திருந்தன. கட்டி எதுவும் இல்லை. ரத்த அழுத்தம் இயல்பு. சிறுநீரில் புரதம் ஒழுகவில்லை.

“வயசான உடம்புல இதெல்லாம் இருக்கத்தாம்மா செய்யும். அத எதுக்கு ஊசி குத்திக் குத்திக் கண்டுபிடிக்கணும்?” என்று அப்பா கேட்டார். அவர் அக்கறை இல்லாமல் கேட்கவில்லை. தன் உடம்பைப் பற்றியும் அவர் இப்படித்தான் பேசுவார். நான் அவரோடு பாதி உடன்படுகிறேன். இந்த நோய்க்குக் கொடுக்கும் மருந்து அதைத் தீர்ப்பதில்லை. அட்ரினலில் கட்டியிருந்து அதை அறுவை செய்து முழுமையாக அகற்ற முடிந்தால் நோய் தீரலாம். பிட்யூட்டரி அறுவை மிகச் சில இடங்களிலேயே நடக்கிறது. மற்றபடி மருந்தின் நோக்கம் தாகத்தையும் பசி வெறியையும் மூச்சிரைப்பையும் தோல் தொல்லையையும் குறைத்து நாயை நிம்மதியாக வைப்பதுதான். நாய் தொல்லைப்படவில்லை என்றால் மருந்தால் அடையப்போவது சொற்பம். ஆனால் அவருடைய கேள்வியின் மறுபாதியை ஏற்க முடியவில்லை. அட்ரினலில் புற்று இல்லை, ரத்த அழுத்தம் ஏறவில்லை, சிறுநீரகம் புரதத்தை இழக்கவில்லை என்று தெரிந்துகொண்டதால்தான் எங்களால் துணிந்து காத்திருக்க முடிகிறது. இவற்றில் ஒன்று கெட்டிருந்தாலும், நாய் வாலாட்டிக்கொண்டிருக்கிறது என்பதை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க முடியாது. குஷிங் உள்ள நாய்களுக்கு நுரையீரலில் ரத்தம் உறையலாம், கணைய அழற்சியும் நீரிழிவும் வரலாம், பின்கால் முட்டியின் தசைநார் அறுந்துபோகலாம்.

மருந்தைப் பற்றியும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டோம். இப்போது பெரிதும் பயன்படுவது டிரைலோஸ்டேன். அமெரிக்காவில் நாய்களுக்கென 2008இல் ஒப்புதல் பெற்றது. அதற்கு முன்பு பெரிதும் நம்பப்பட்ட மைட்டோடேன் அட்ரினலின் வெளிப்பகுதியையே அழித்தது. டிரைலோஸ்டேன் கார்டிசால் உருவாகும் வேதிவழியில் ஒரு நொதியைத் தடுக்கிறது. உணவோடு கொடுத்தால்தான் சரியாக உடலில் சேரும். கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டக்கூடாது. கருவுற்ற பெண்கள் கையாளக்கூடாது. தங்கை இப்போது கருவுற்றிருக்கிறாள் என்பதால், தொடங்கும் நிலை வந்தால் கொடுப்பது அப்பாவின் வேலை என்று முடிவாகியிருக்கிறது. தொடங்கிய 10 முதல் 14 நாட்களுக்குள் ஒருமுறை, பிறகு ஒரு மாதத்தில், மூன்று மாதத்தில், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று ரத்தம் பார்க்க வேண்டும். அளவு மிஞ்சினால் கார்டிசால் அடியோடு வற்றிவிடும். அது நோயைவிட விரைவாகக் கொல்லும். வாந்தி, கழிச்சல், துவண்டு படுத்தல், உணவை மறுத்தல் ஆகியவற்றில் எது கண்டாலும் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும் என்பதை மருத்துவர் இருமுறை சொன்னார். பெரும்பசிக்காரி திடீரென்று தட்டை முகர்ந்துவிட்டு விலகினால், மருந்து தொடங்காத இப்போதும் அது அசட்டை செய்யக்கூடாத அறிகுறி. பிட்யூட்டரி கட்டி பெரிதாகி மூளையை அழுத்தத் தொடங்கினாலும் முதலில் பசி போகலாம்.

நான் எங்கும் எதிர்பார்த்திராத செய்தி ஒன்றையும் அவர் சொன்னார். மிகுதியான கார்டிசால் மூட்டுவலியை மறைத்து வைத்திருக்கும். சிகிச்சையால் அது குறைந்ததும், நன்றாக நடந்துகொண்டிருந்த முதிய நாய் படியேற முடியாமல் நிற்கலாம். முடியும் நன்றாக வளர்வதற்கு முன்பு சில நாய்களுக்கு இன்னும் மோசமாக உதிர்வதுண்டு. தாகம் ஓரிரு வாரங்களில் குறையும். தோலும் முடியும் தேற மாதங்கள் ஆகும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அந்த இடைவெளியில் கைவிடுகிறவர்கள் உண்டு என்றார்.

எத்தனை காலம் என்று நான் கேட்டேன். பிட்யூட்டரி வகையில் சிகிச்சை பெறும் நாய்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வாழ்வதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. நோய் தெரியவரும்போதே பெரும்பாலான நாய்களுக்குப் பத்து வயது கடந்திருக்கும் என்பதையும், பல நாய்கள் இந்த நோயால் அல்லாமல் வேறு காரணங்களால் இறக்கின்றன என்பதையும் சேர்த்தே அந்த எண்ணைப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தால், 11 வயதான ஒரு நாய்க்கு அது அப்படியொன்றும் குறுகிய காலம் இல்லை.

இப்போதைக்கு எங்கள் ஏற்பாடு இது. வாரத்தில் ஒரு நாள் தண்ணீரை அளக்கிறோம். 1,600 மில்லிக்கு மேல் தொடர்ந்து போனால் சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை எடை, ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில் பக்கவாட்டில் ஒரு படம், முன்னங்கால் வழுக்கையின் படம் ஒன்று. நாள்தோறும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது, படங்களை அடுத்தடுத்து வைத்தால் தெரிந்துவிடும். மூன்று மாதத்தில் ரத்த அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் மறுபடி பார்க்கப்படும். அறிகுறிகள் கூடியிருந்தால் டெக்ஸாமெத்தசோன் பரிசோதனையும் மறுபடி நடக்கும். அதுவரை காதுக்கோ தோலுக்கோ எந்த மருந்து என்றாலும், அதில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று கேட்காமல் போடுவதில்லை. தள்ளிப்போட்ட பல் சுத்தத்தை அதற்கு முன்பே செய்யலாமா, மயக்க மருந்தை அவள் உடல் தாங்குமா என்பதை மட்டும் இன்னும் மருத்துவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. கடைவாய்ப் பல்லின் ஈறு சிவந்திருக்கிறது, அது நெடுநாள் பொறுக்காது.